தலையில் அடிபட்ட ஏழைக்கு மருத்துவர் எங்கே?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்பிற்கினிய சகோதரர்களே! வணிகப் பெருமக்களே! கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இந்த ஏட்டை மடித்து வைத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் வாசிக்கும் நண்பர்களே!  

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். தலைக்கவசம் இல்லை. லாரியில் உரசி விழுகிறான். எழுந்து நிற்கிறான், பேசுகிறான், தண்ணீர் கேட்கிறான். சுற்றி நிற்பவர்கள், "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுக்கிறான், கண் சொருகுகிறது, நினைவு போகிறது. என்ன நடந்தது? மண்டையோட்டுக்கும் மூளையை மூடியிருக்கும் உறைக்கும் இடையே ஓர் இரத்தக் குழாய் கிழிந்து இரத்தம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கட்டி மூளையை அழுத்துகிறது. மண்டையோட்டைத் திறந்து அந்தக் கட்டியை எடுத்துவிட்டால் பையன் சில நாட்களில் எழுந்து நடப்பான். எடுக்காவிட்டால் விடிவதற்குள் ஜனாஸா.

சகோதரர்களே! அந்த இரவில் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது சி.டி. ஸ்கேன், அறுவை அரங்கு, மயக்க மருந்து கொடுப்பவர், இவற்றோடு ஒரு மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். நியூரோ சர்ஜன் என்று நாம் சொல்கிறோமே, அவர்தான். அவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தப் பையனின் உயிருக்கு வாய்ப்பு. நோயும் ஷிஃபாவும் இறைவன் கையில். ஆனால் மருத்துவரை உருவாக்கி வைப்பது நம் கையில் தரப்பட்ட காரியம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குச் சொன்னது. அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் சென்றவர்கள். இவர்களில் எத்தனை பேர் வீட்டின் ஒரே சம்பாத்தியக்காரர்களாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உலகம் முழுவதும் இதே பற்றாக்குறை

நான் பேச வந்தது நம் ஊர்ச் சாலையை மட்டும் பற்றியல்ல. 2015-இல் லான்செட் மருத்துவ ஏடு அமைத்த உலகளாவிய அறுவை மருத்துவ ஆணையம் ஓர் அறிக்கை தந்தது. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று அது சொன்னது. ஆண்டுதோறும் மேலும் 14 கோடியே 30 இலட்சம் அறுவை சிகிச்சைகள் நடந்தால்தான் உயிர்களையும் உடல் ஊனங்களையும் தடுக்க முடியும். ஆண்டுக்கு 3 கோடியே 30 இலட்சம் பேர் அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டியே நொடித்துப் போகிறார்கள். வீட்டை விற்றவர், நகையை அடகு வைத்தவர், வட்டிக்கு வாங்கியவர் எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

மூளை, முதுகுத்தண்டு நோய்களுக்கு மட்டும் தனிக் கணக்கு 2018-இல் வந்தது. ஆண்டுக்கு 2 கோடியே 26 இலட்சம் பேருக்கு நியூரோ சர்ஜனின் கவனிப்புத் தேவை. அவர்களில் 1 கோடியே 38 இலட்சம் பேருக்கு அறுவை சிகிச்சையே தேவை. அதில் 50 இலட்சம் பேருக்கு அந்த அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை. இந்த 50 இலட்சம் பேரும் ஏழை, நடுத்தர நாடுகளின் மக்கள். பற்றாக்குறை மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்காவிலும், நாம் வாழும் தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதியிலும்தான். இந்தக் குறையைத் தீர்க்க இன்னும் 23,000-க்கும் மேற்பட்ட நியூரோ சர்ஜன்கள் வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இந்தக் குறையைத் தீர்ப்பதையே தம் வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்ட மருத்துவர்களின் துறைக்குத்தான் 'குளோபல் நியூரோசர்ஜரி' என்று பெயர். 2016 டிசம்பரில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் கூடிய நிபுணர்கள் இதற்கென ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள். உலகளாவிய என்றதும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் விசா வாங்குவது என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவரைக் கொண்டுபோவது, அங்கேயே மருத்துவரை உருவாக்குவது, அரசுகளைத் தட்டி எழுப்பிச் சட்டம் செய்ய வைப்பது - இதுதான் அந்தத் துறையின் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. கருவுற்ற தாயின் உடலில் ஃபோலிக் அமிலம் என்ற சத்துக் குறைந்தால் சில குழந்தைகள் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கு அறுவை செய்து செய்து சலித்த நியூரோ சர்ஜன்கள், நோய் வருமுன் தடுக்கக் கிளம்பினார்கள். மாவிலும் அரிசியிலும் அந்தச் சத்தைச் சேர்க்க வேண்டும் என்று நாடுநாடாகப் பேசினார்கள். 2023 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. கத்தி பிடிக்கும் கை, சட்டம் எழுதும் கையையும் அசைத்தது.

இது நமக்கு அந்நியமான துறையா?

நம்மில் சிலர் நினைக்கலாம்: "ஹஜ்ரத், ஜும்ஆ மேடையில் பேச வேண்டியவர் மூளை ஆபரேஷன் பற்றிப் பேசுகிறாரே" என்று. சகோதரர்களே! ஸ்பெயினின் குர்துபா நகரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? அவர் எழுதிய அத்தஸ்ரீஃப் என்ற நூல் 30 பாகங்கள் கொண்டது. அதன் கடைசிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். ஏறத்தாழ 200 கருவிகளைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். மண்டையோட்டு முறிவைப் பற்றியும், குழந்தைகளின் தலையில் நீர் கோர்க்கும் நோயைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதைப் படித்தார்கள்.

அந்த மருத்துவர்களுக்குச் சோறு போட்டது எது? வக்ஃபு! 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் நடந்தது. பணக்காரர், ஏழை, ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் அங்கே சிகிச்சை நடந்தது. மருத்துவம் கற்பிப்பதும் அங்கேயே நடந்தது. கடை வாடகை, தோட்ட வருமானம், குளியல் கூட வருமானம் இவையெல்லாம் ஒரு மாணவனை மருத்துவனாக்கின. இன்று உலகம் ஸ்காலர்ஷிப் என்று சொல்வதை நம் முன்னோர்கள் வக்ஃபு என்ற பெயரில் செய்தார்கள். இன்று நம் வக்ஃபுச் சொத்துகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைச் சொல்லும் அல்மாயிதா அத்தியாயத்தின் 32-ஆவது வசனத்தை நாம் மேடைக்கு மேடை ஓதுகிறோம். ஓதிவிட்டு இறங்கினால் போதுமா? அந்த வசனத்துக்கு ஒரு வங்கிக் கணக்கும், ஒரு செயற்குழுவும், ஒரு மாணவனும் வேண்டாமா?

செய்து காட்டியவர்கள்

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, நடந்த காரியங்களைச் சொல்கிறேன்.

முதலில் நம் அருகிலிருந்தே தொடங்குகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி சகோதரர்கள் அவசரம் என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு ஓடுகிறோம். அங்கே 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. அவர் பஹ்ரைன் மருத்துவமனையில் பணியாற்றியவர். பின் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் புகழ்பெற்ற டாக்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். மறு ஆண்டே, 1950-இல், இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று வந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இந்தத் துறையைத் தொடங்கினார். இரண்டு பேர் வெளிநாடு சென்று படித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களிடம் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள் என்று நாடு முழுவதும் பரவினார்கள். ஊர் திரும்பிய இருவரால் விளைந்த பலன் இது.

அடுத்து மொராக்கோ. அங்கே ரபாத் நகரில் பேராசிரியர் அப்துஸ்ஸலாம் அல் கம்லீஷி ஒரு கேள்வி கேட்டார்: ஆப்பிரிக்க இளைஞர் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனால் பலர் திரும்பி வருவதில்லை; ஆப்பிரிக்காவிலேயே படித்தால் என்ன? உலக நரம்பியல் அறுவை மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து 2002-இல் ரபாத்தில் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. ஸஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் இளம் மருத்துவர்கள் உதவித்தொகையுடன் அங்கே வந்து படித்தார்கள். பலர் திரும்பிச் சென்று தம் நாட்டில் பணியாற்றுகிறார்கள். 2005-இல் அந்தக் கூட்டமைப்பின் உலக மாநாடே மராகிஷ் நகரில் நடந்தது. ஈரானில் பிறந்து ஜெர்மனியின் ஹனோவர் நகரில் புகழ்பெற்ற பேராசிரியர் மஜீத் சமீ, ஆப்பிரிக்காவுக்கு நூறு நியூரோ சர்ஜன்களை உருவாக்குவோம் என்று ஒரு திட்டத்தையே முன்வைத்தார். இவர்கள் நம் பெயர் கொண்டவர்கள். நம் பிள்ளைகளின் சுவரில் யார் படம் தொங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது உகாண்டா. அங்கே ம்பாலே நகரில் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் குழந்தைகளுக்கென மருத்துவமனை அமைத்தது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் 2000-இல் குடும்பத்தோடு அங்கே போனார். தலையில் நீர் கோர்த்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். வழக்கமான சிகிச்சை, ஷண்ட் என்ற குழாயைத் தலையிலிருந்து வயிறு வரை பதிப்பது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மீண்டும் அறுவை செய்ய வேண்டும். கிராமத்துத் தாய் எங்கே ஓடுவாள்? ஆகவே சிறு குழாய்க் கேமரா மூலம் மூளைக்குள்ளேயே நீருக்கு ஒரு வழி திறந்துவிட்டு, நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். பல நாட்டு மருத்துவர்கள் அங்கே சென்று அதைக் கற்றுத் தம் நாட்டுக்குத் திரும்பினார்கள். பணக்கார நாட்டு மருத்துவமனைகளும் ஏழை நாட்டில் பிறந்த இந்த முறையை எடுத்துக்கொண்டன.

வணிகர்களே, இதைக் கவனியுங்கள்! குழாய் பதித்தே ஆக வேண்டிய குழந்தைகளுக்கு, உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட்டை அவர் பயன்படுத்தினார். அப்போது அதன் விலை 35 டாலர். அமெரிக்கக் குழாயின் விலை 650 டாலர். இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் பலனில் வேறுபாடு இல்லை என்று கண்டார். ஓர் இந்தியத் தொழிற்கூடம் ஆப்பிரிக்கக் குழந்தையின் உயிருக்குத் துணை நின்றது. தொழில் செய்பவன் மருத்துவனுக்குத் தோள் கொடுக்கும் விதம் இது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2007 முதல் உகாண்டாவின் முலாகோ மருத்துவமனைக்குக் கருவிகளையும் ஆசிரியர்களையும் அனுப்பி, உள்ளூர் இளைஞர்களையே நிபுணர்களாக்கியது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் தொடங்கிய அறக்கட்டளை, முஸ்லிம்கள் வாழும் ஸான்ஸிபார் தீவில் 2014-இல் நரம்பியல் அறுவை மையம் அமைத்தது. கிறிஸ்தவத் தொண்டரும் ஐரோப்பியரும் நம் சகோதரர்களின் ஊரில் வந்து செய்த நன்மையை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். பாராட்டிவிட்டு நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: நன்மையில் முந்துவதற்குக் கட்டளையிடப்பட்ட நாம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறோம்?

ஸ்காலர்ஷிப் எதற்கு?

ஒரு நியூரோ சர்ஜன் உருவாக எத்தனை ஆண்டு ஆகும்? எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. எம்.எஸ். மூன்று ஆண்டு. எம்.சிஎச். மூன்று ஆண்டு. இடையில் நீட் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் காலம் வேறு. ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தாலும் முப்பது வயதை நெருங்கிவிடும். கடைக்காரர் மகன் இருபதில் கல்லாவில் உட்கார்ந்து, இருபத்தைந்தில் நிக்காஹ் முடித்து, முப்பதில் இரண்டாவது கடை திறந்துவிடுகிறான். ஏழை வீட்டுப் பையன் பத்து ஆண்டு புத்தகத்தோடு உட்கார முடியுமா? தங்கை திருமணம், தந்தையின் கடன், வீட்டு வாடகை எல்லாம் அவனை இழுக்கும். அவன் எம்.பி.பி.எஸ். முடித்ததும் எங்காவது டியூட்டி டாக்டராக உட்கார்ந்துவிடுகிறான். சமுதாயம் ஒரு நிபுணரை இழக்கிறது. அது யாருக்கும் தெரியாது. இல்லாத மருத்துவருக்கு யாரும் இரங்கல் கூட்டம் நடத்துவதில்லையே!

பட்ட மேற்படிப்பில் அரசு தரும் மாதத் தொகை உண்டு. அதற்கு முன்பும் பின்பும்தான் பள்ளம். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் ஓராண்டு வருமானம் இல்லை. படிப்பு முடிந்து வெளிநாட்டில் சிறப்புப் பயிற்சிக்குப் போனால், பல இடங்களில் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், தங்கும் செலவு, விசா, தேர்வுக் கட்டணம் எல்லாம் கையிலிருந்து. மாநாட்டில் தன் ஆய்வைச் சொல்லப் போக வேண்டுமானால் அதற்கும் கட்டணம். ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளையே உலக மேடைக்குப் போகிறான். ஏழை நோயாளியின் துன்பம் தெரிந்த பிள்ளை ஊரிலேயே நின்றுவிடுகிறான். உதவித்தொகையின் வேலை இந்த வரிசையை மாற்றுவது.

இன்னொன்றும் உண்டு. படித்து முடித்து ஊர் திரும்பியவனுக்குக் கருவி வேண்டும். மண்டையோட்டைத் துளைக்கும் டிரில்லும் நுண்ணோக்கியும் இல்லாத மருத்துவமனையில் நியூரோ சர்ஜன் கைகட்டி நிற்பான். ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பான், பிறகு விமானம் ஏறுவான். அவனைப் பழித்துப் பயனில்லை. அவனை நிறுத்தி வைக்க நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

அரசிடம் கேட்போம், அரசுக்காகக் காத்திருக்க மாட்டோம்

2006-இல் சச்சார் குழு நம் கல்வி நிலையை நாட்டுக்குப் படம் பிடித்துக் காட்டியது. அதன் பின் வந்த திட்டங்களில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியத் திட்டமும் அடங்கும். இரண்டையும் 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டதை மீட்கச் சட்டப்படி, ஜனநாயக வழியில் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். அது நம் உரிமை.

தமிழ்நாட்டில் போராடி 2007-இல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பெற்றோம். அதனால் எம்.பி.பி.எஸ். வாசல் சற்றுத் திறந்தது. ஆனால் எம்.சிஎச். போன்ற உயர் சிறப்புப் படிப்பில் சமூக இட ஒதுக்கீடு கிடையாது. அங்கே தகுதி மட்டுமே பேசும். தகுதிக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும். வாசல் வரை அரசியல் கொண்டுவந்து விட்டது. வாசலுக்கு உள்ளே கைப்பிடித்து அழைத்துச் செல்வது சமுதாயத்தின் வேலை.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வழி செய்யப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் பணத்தை அரசு தந்தாலும் கத்தியைப் பிடிக்க ஒரு கை வேண்டுமல்லவா? அந்தக் கை வானத்திலிருந்து இறங்காது.

வணிகர்களுக்கு ஒரு கணக்கு

தமிழக முஸ்லிம் வணிகர்களுக்குக் கல்விக் கொடை புதிதல்ல. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-இல் சென்னையில் நியூ காலேஜும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் ஸாஹிபின் பெயர் இன்றும் கல்லூரி வாசலில் இருக்கிறது. அவர்கள் விற்ற தோலை நினைப்பவர் யாருமில்லை. அவர்கள் எழுப்பிய கல்வி நினைக்கப்படுகிறது. அதுதான் ஸதக்கத்துல் ஜாரியா, நிலையான தர்மம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் 200 வணிகர்கள். ஒருவர் நாளைக்கு 20 ரூபாய், அதாவது தேநீர் காசு. ஆண்டுக்கு ஒருவர் தருவது 7,300 ரூபாய். இருநூறு பேர் சேர்ந்தால் 14 இலட்சத்து 60 ஆயிரம். மூன்று மருத்துவர்களுக்கு மாதம் 25,000 வீதம் தந்தால் ஆண்டுக்கு 9 இலட்சம். மீதி 5 இலட்சத்து 60 ஆயிரத்தில் தேர்வுக் கட்டணம், பயணச் செலவு, கருவி நிதி. ஒரே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் நாம் கொட்டும் பிரியாணிச் செலவை விட இது பெரிதா?

ஜித்தாவில் உள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983-இல் ஒரு வழி காட்டியது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கு மருத்துவமும் பொறியியலும் படிக்க உதவித்தொகை அறிவித்தது. நம் நாட்டு மாணவர்களும் அதில் பயன்பெற்றார்கள். அந்தத் தொகை சமுதாயத்துக்கு நன்கொடை, மாணவனுக்கு வட்டியில்லாத அழகிய கடன். படித்து வேலைக்குப் போனவன் வங்கிக்குத் திருப்பித் தர வேண்டாம். தன் நாட்டிலுள்ள அறக்கட்டளைக்குத் தவணையில் தர வேண்டும். அதில் அடுத்த மாணவன் படிப்பான். ஒரு பணம், பல தலைமுறை. இதே முறையை மாவட்ட அளவில் நாம் ஏன் செய்யக் கூடாது?

ஜகாத்தைப் பற்றி ஒரு சொல். அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனம் எட்டுப் பிரிவினரைச் சொல்கிறது. மாணவர் என்ற பெயருக்காக ஜகாத் தர முடியாது. அந்த எட்டுப் பிரிவில் அடங்கும் ஏழை மாணவருக்கே ஜகாத் நிதி. உங்கள் பகுதி உலமாக்களிடம் மஸ்அலா கேட்டுக்கொண்டு தனிக் கணக்கில் வையுங்கள். பொது நன்கொடையும் வக்ஃபு வருமானமும் வேறு கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கு ஏழை இந்துப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும். அறுவை மேசையில் படுத்தவனின் மதத்தை நியூரோ சர்ஜன் கேட்பதில்லை.

அறக்கட்டளையை முறையாகப் பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் தணிக்கை செய்யுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். இந்திய அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவிடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயையும் அசைக்காதீர்கள். நல்ல நோக்கம் மட்டும் நம்மைச் சட்டத்திலிருந்து காப்பாற்றாது.

"ஒருவனுக்கு இவ்வளவா?"

சிலர் கேட்பார்கள்: "பாய், ஒரு டாக்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் முப்பது பையன்களை ஐ.டி.ஐ. படிக்க வைக்கலாமே!" நியாயமான கேள்வி. ஐ.டி.ஐ. நிதியை நிறுத்தச் சொல்லவில்லை. அது தொடரட்டும். ஆனால் எல்லாப் பணமும் உடனடித் தேவைக்கே போனால், பத்து ஆண்டு கழித்து வேண்டிய மனிதன் என்றைக்கும் வர மாட்டான். ஒரு நியூரோ சர்ஜன் முப்பது ஆண்டு பணியாற்றினால் எத்தனை தலைகள் அவர் கையைக் கடந்து போகும்? எத்தனை மாணவர்கள் அவரிடம் தொழில் கற்பார்கள்? வேலூருக்கு வந்த ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

இன்னும் சிலர், "படித்துவிட்டு வெளிநாடு ஓடிவிடுவான்" என்பார்கள். அந்த அச்சமும் நியாயம்தான். ஆகவே நிபந்தனையை முதலிலேயே எழுதுங்கள். படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசு மருத்துவமனையிலோ, நிபுணர் இல்லாத மாவட்டத்திலோ, நிபுணர் இல்லாத நாட்டிலோ பணி. மீறினால் முழுத் தொகையும் அழகிய கடனாகத் திரும்ப வர வேண்டும். தேர்வுக் குழுவில் மூத்த மருத்துவர்கள் இருக்கட்டும். ஜமாஅத் தலைவரின் மருமகன் என்பதற்காக ஒருவனுக்கும், இயக்க உறுப்பினர் என்பதற்காக இன்னொருவனுக்கும் தரப்படுமானால் அந்த நிதி அன்றே செத்துவிட்டது. நம் இயக்கத்துக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இளைஞர்களே, உங்களிடம்!

மேடைக்கு முன்னால் கோஷம் போடும் உங்கள் குரலை நான் நேசிக்கிறேன். அந்தக் குரலோடு ஒரு கோரிக்கை. உங்களில் பிளஸ் டூவில் உயிரியல் படிப்பவர் உண்டு. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிப்பவரும் உண்டு. எந்தத் துறையில் கூட்டம் அதிகமோ, எதில் காசு விரைவில் வருமோ அதையே பார்க்காதீர்கள். எங்கே ஆள் இல்லையோ அங்கே போங்கள். 2023-க்குப் பின் காஸாவிலும் சூடானிலும் மருத்துவமனைகள் நாசமானதைக் கண்டு கண்ணீர் விட்டோம். அந்த மண்ணில் மீண்டும் மருத்துவமனை எழும்போது வெறும் கண்ணீரைக் கொண்டுபோக முடியாது. கைத்தொழில் தெரிந்த கை வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரே! சென்னையில் டாக்டர் டி.எஸ். கனகா என்ற பெண்மணி வாழ்ந்தார். 2018-இல் மறைந்தார். ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன்களில் ஒருவர். ஆண்களின் துறை என்று எல்லாரும் சொன்ன இடத்தில் நின்று காட்டினார். ஓய்வுக்குப் பின் தம் பணத்தைப் போட்டு ஏழைகளுக்கு மருத்துவத் தொண்டு செய்தார். நம் வீட்டுப் பெண் பிள்ளை அதிக மதிப்பெண் எடுத்தால், "போதும்மா" என்று சொல்லும் வாய் இனியாவது மூடட்டும். நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கும் நாம், யார் வீட்டுப் பெண் அந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

இன்னொரு சிறிய வேலை, இன்று இரவே செய்யக்கூடியது. கூட்டம் முடிந்து வீடு போகும்போது தலைக்கவசம் அணிந்து போங்கள். தொப்பி அணிந்த தலைக்கு அது விரோதமல்ல. நியூரோ சர்ஜன் உருவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். தலைக்கவசம் மாட்டப் பத்து விநாடி.

செய்ய வேண்டியது

சகோதரர்களே! சுருக்கிச் சொல்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவ மேற்படிப்புக்கென ஒரு நிதி, முறையான பதிவோடு.

இரண்டு: முதல் ஆண்டு ஒரே ஒரு மருத்துவர். அவரைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை கைவிடாமல் நிற்பது. பத்துப் பேருக்கு அறிவித்து இருவருக்குத் தந்து நிறுத்துவதை விட இது மேல்.

மூன்று: படிப்புக்குப் பின் பணி என்ற ஒப்பந்தம், எழுத்தில்.

நான்கு: ஊர் திரும்பியவருக்குக் கருவி வாங்க நிதியில் ஒரு பங்கு, தொடக்கத்திலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும்.

ஐந்து: நிறுத்தப்பட்ட அரசு உதவித்தொகைகளை மீட்கவும், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நரம்பியல் அறுவைப் பிரிவு அமைக்கவும் மனுக்கள், சந்திப்புகள், தொடர்ந்த முயற்சி.

இதில் எதுவும் நம் சக்திக்கு மீறியதல்ல. வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளோடு பத்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் ஊரில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் மேற்படிப்புக்கு வழியில்லாமல் நிற்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளிலிருந்து வேலை தொடங்கும்.

நாம் மௌத்தான பின் நம் கடையை யாரோ நடத்துவார்கள், அல்லது பூட்டிவிடுவார்கள். நாம் படிக்க வைத்த மருத்துவன் ஏதோ ஓர் ஊரில், நமக்கு முகம் தெரியாத ஒருவனின் தலையிலிருந்து இரத்தக் கட்டியை எடுத்துக்கொண்டிருப்பான். அதன் நன்மை நம் ஏட்டிலும் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். வல்ல அல்லாஹ் நம் செல்வத்திலும் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.